பதினோரு மணி பிரஷரை நம்பி: கண் அழுத்தத்தை அளப்பதில் செய்யும் தவறுகள்

அம்மாவுக்குக் கிளாக்கோமா. அவளுடைய கண் ஃபைலில் மூன்று வருடமாக ஒரே மாதிரி கண் அழுத்த எண்கள்: 16, 15, 17, மறுபடியும் 16. எல்லாமே காலை பதினோரு மணியை ஒட்டி எடுத்தவை. ஊரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, சீட்டு போட்டு, பெஞ்சில் காத்திருந்து உள்ளே போவதற்குள் அந்த நேரம் ஆகிவிடும். "பிரஷர் கன்ட்ரோல்ல இருக்கு" என்பார்கள். நாங்களும் டிபன் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாக ஊர் திரும்புவோம். ஆனால் கண்ணுக்கு எந்தப் பக்கம் எவ்வளவு தெரிகிறது என்று பார்க்கும் ஃபீல்ட் டெஸ்ட்டின் தாளில், பார்வை போன இடத்தைக் காட்டி மூக்குப் பக்கமாக இருந்த கறுப்புத் திட்டு மட்டும் வருடா வருடம் கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே வந்தது. கடைசியில் டாக்டர், "ஒரு நாள் முழுக்க இங்கேயே இருங்கம்மா, மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்த்துடலாம்" என்றார். காலை ஏழு மணிக்கு எடுத்த முதல் அளவு 24. பத்து மணிக்கு 19. ஒரு மணிக்கு 16.

அதாவது, ஃபைலில் இருந்த 16 பொய்யில்லை. அது பகல் நேரத்து 16, அவ்வளவுதான்.

கண்ணுக்குள் ஊறும் நீர் சரியாக வடியாமல் அழுத்தம் ஏறுவதும், பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாக அழிவதும்தான் பெரும்பாலான கிளாக்கோமாவின் கதை. இந்த அழுத்தத்தை மி.மீ. பாதரச அளவில் சொல்கிறார்கள். நல்ல கண்ணிலேயே அது ஒரு நாளில் சில புள்ளிகள் ஏறி இறங்கும். கிளாக்கோமா வந்த கண்ணில் பத்துப் புள்ளிக்கு மேல்கூட ஆடலாம். படுத்தாலே ஏறும் என்பதால் பலருக்கு உச்சம் இரவிலோ விடியற்காலையிலோ வருகிறது. அந்த நேரத்தில் எந்த கிளினிக் திறந்திருக்கிறது? பகலில் ஒரே நேரத்தில் எடுத்த அளவை மட்டும் நம்புவது, அடைமழைக் காலத்தில் வெயில் அடிக்கும்போது மட்டும் அண்ணாந்து பார்த்து, கூரை ஒழுகவில்லை என்பது மாதிரி. அடுத்த முறை போகும்போது முதல் ஆளாகவோ கடைசி ஆளாகவோ போய்ப் பாருங்கள். முடிந்தால் ஒரு நாள் முழுக்க அளக்கச் சொல்லிக் கேளுங்கள். அதற்கு வீட்டுக் கருவி எதுவும் வேண்டாம்.

21-க்குக் கீழே இருந்தால் பயமில்லை என்ற நினைப்பும் தவறு. பெருங்கூட்டத்தை அளந்து, பெரும்பாலோர் இந்த எல்லைக்குள் வருகிறார்கள் என்று போட்ட கோடுதான் 21. ஜப்பானின் தஜிமி நகரில் நடந்த ஆய்வில், திறந்த கோண கிளாக்கோமா (நீர் வடியும் கோணம் மூடிக்கொள்ளாத வகை) இருந்தவர்களில் 92 சதவீதம் பேருக்கு அழுத்தம் 21 அல்லது அதற்கும் கீழேதான் இருந்தது. ஒருவருக்கு 18 போதும், இன்னொருவருக்கு 12-க்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். உங்களுக்கான இலக்கு எத்தனை என்று டாக்டரிடம் கேட்டு ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். பக்கத்து வீட்டுக்காரருடைய எண்ணோடு ஒப்பிடாதீர்கள்.

கருவிழியின் தடிமனும் எண்ணை மாற்றிக் காட்டும். மெல்லிய கருவிழியில் அளவு குறைவாக வரும், தடித்ததில் கூடுதலாக வரும். கண்ணாடியைத் தவிர்க்க லேசரால் கருவிழியைச் செதுக்கி மெலிதாக்கும் லேசிக் செய்துகொண்டவர்கள் அதைச் சொல்லாமல் விட்டால், இருப்பதைவிடக் குறைவான எண்ணைப் பார்த்து எல்லோரும் சந்தோஷப்படுவார்கள்.

சரி, வீட்டிலேயே அளக்கும் கருவிக்கு வருவோம். ஃபின்லாந்தின் ஐகேர் ஹோம் இந்த வகையில் பெயர் பெற்றது. நெற்றியிலும் கன்னத்திலும் தாங்கு காலை ஊன்றி, பட்டனை அழுத்தினால், சின்னக் குண்டூசி போன்ற முனை கருவிழியைத் தொட்டுவிட்டுத் திரும்பும். எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதிலிருந்து அழுத்தத்தைக் கணக்கிடுகிறது. மரத்துப்போக மருந்து விட வேண்டியதில்லை. இமைமுடி உரசுவது மாதிரி இருக்கிறது என்றாள் அம்மா. ஒரு வாரத்துக்கு எங்களுக்கு இரவல் கிடைத்தது. முதல் இரண்டு நாள் வந்த அளவுகள் பாதி உபயோகமில்லை.

காரணம் நாங்கள்தான். உள்ளே தெரியும் ஒளி வளையம் பச்சையாக இருந்தால் கருவி நேராக இருக்கிறது, சிவந்தால் சாய்ந்திருக்கிறது. அம்மா தலையைச் சாய்த்துக்கொண்டே அழுத்தினாள். முனை வருகிறதே என்று கண்ணை இறுக்கினாள், மூச்சையும் பிடித்தாள். இறுக்குவதும் மூச்சைப் பிடிப்பதும் எண்ணை ஏற்றிவிடும். இமையை விரலால் தூக்கும்போது விழியின் மேலேயே அழுத்தினாலும் அதே கதை. முகத்தைத் தளர்த்தி, எலும்பின் மேல் இமையைப் பிடித்து, சாதாரணமாக மூச்சு விட்டபடி எடுக்க வேண்டும். அப்புறம் நேரம். தோன்றும்போதெல்லாம் அளந்தால் ஒன்றும் புரியாது. விழித்தவுடன், மதியம், மாலை, படுக்கும் முன் என்று தினமும் அதே நேரங்களில் அளந்து, சொட்டு மருந்து விட்ட நேரத்தையும் எழுதிவையுங்கள். எழுந்து பல் விளக்கி, காபி போட்டு, கோலமும் போட்டுவிட்டு உட்கார்ந்தால் விடியற்காலை உச்சம் இறங்கியிருக்கும்.

கண் வலித்தால் மட்டும் அளப்பவர்களும் உண்டு. பெரும்பாலான கிளாக்கோமா வலிக்கவே வலிக்காது. மாறாக, திடீரென்று கடும் வலி, விளக்கைச் சுற்றி வண்ண வளையம், வாந்தி என்று வந்தால் அளந்துகொண்டிருக்க நேரமில்லை. உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

பழைய ஐகேர் ஹோம் மாடலில் எண் நமக்குத் தெரியாது. கருவி சேமித்துவைப்பதை டாக்டர்தான் எடுத்துப் பார்ப்பார். அதில் ஒரு நன்மை இருப்பதாகவே நினைக்கிறேன். எண் கண்முன் தெரிந்தால், கூடியிருக்கும்போது இன்னொரு சொட்டு விடலாமா, குறைந்திருக்கும்போது இன்றைக்கு விட்டுவிடலாமா என்று கை துறுதுறுக்கும். இரண்டுமே கூடாது.

'தொடர் கண்காணிப்பு' என்று கேள்விப்பட்டதுமே ரத்த அழுத்தக் கருவிபோல எண் வரும் என்று எதிர்பார்ப்பார்கள். சுவிட்சர்லாந்தின் சென்சிமெட் உருவாக்கிய டிரிகர்ஃபிஷ் என்ற கான்டாக்ட் லென்ஸுக்கு 2016-ல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. 24 மணி நேரம் அணிந்திருந்தால், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை 30 நொடி வேலைசெய்து, தூக்கத்திலும் பதிவு செய்யும். ஆனால் அது அளப்பது கருவிழியின் சுற்றளவில் வரும் நுண்ணிய மாற்றத்தை. விடை மில்லிவோல்ட்டில் வரும். அதை 16-ஆகவோ 24-ஆகவோ மாற்ற முடியாது. எந்த மணியில் ஏறுகிறது என்று வளைவின் வடிவத்தைப் பார்க்கத்தான் அது. ஜெர்மனியின் ஐமேட் வேறு வகை: அறுவை சிகிச்சையில் கண்ணுக்குள் வைக்கும் சென்சார், மி.மீ. பாதரசத்திலேயே சொல்லும். ஆனால் படிப்பானைக் கண் அருகே கொண்டுபோகும்போதுதான் அளக்கும். எந்தக் கருவியாக இருந்தாலும், என்ன அளக்கிறது, எப்போது அளக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

அளக்கும் நாளில் நல்ல பிள்ளையாக நடிப்பது எல்லோரும் செய்யும் தவறு. பல நாள் விட்டுவிட்டு, செக்கப்புக்கு முந்தின மூன்று நாள் மட்டும் ஒழுங்காகச் சொட்டு விட்டால் எண் அழகாக வரும், நரம்பு அழியும். வழக்கமாக என்ன செய்கிறீர்களோ அதையே செய்யுங்கள், விட்டுப்போனதையும் சொல்லுங்கள். ஒரே மூச்சில் ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தாலும் அழுத்தம் ஏறும். சிரசாசனம் செய்பவர் என்றால் மறைக்காதீர்கள்: சென்னையில் யோகா பயிற்சியாளர்களை வைத்துச் செய்து 2006-ல் வெளியான ஆய்வில், தலைகீழாக நிற்கும்போது கண் அழுத்தம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது தெரிந்தது. ஸ்டீராய்டு சொட்டு, இன்ஹேலர், கண்ணருகே தடவும் கிரீம் எல்லாவற்றையும் பட்டியலில் சேருங்கள்.

நாள் முழுக்க அளந்ததன் பலன் மருந்து மாற்றும்போதுதான் தெரிகிறது. டிமோலால் என்ற சொட்டு மருந்து பகலில் நன்றாக வேலைசெய்யும், தூக்கத்தில் அதன் பலன் குறைவு. லட்டனோபிராஸ்ட் வகைச் சொட்டு இரவிலும் தாங்கும். அம்மாவுக்குக் காலை ஏழு மணிக்கு 24 வந்ததைப் பார்த்துத்தான் டாக்டர் மருந்தை மாற்றினார். இதை நீங்களே மாற்றிக்கொள்ளக் கூடாது. ஆஸ்துமா இருப்பவருக்கு டிமோலால் ஆபத்து. ஒரு சொட்டு போதும், விட்டபின் கண்ணை மூடி மூக்கோரம் இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ளுங்கள், அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிடம் விடுங்கள்.

எத்தனை எண் கையில் இருந்தாலும் ஃபீல்ட் டெஸ்ட்டையும் நரம்பின் ஸ்கேனையும் தள்ளிப்போடாதீர்கள். எங்களுக்கு அந்தக் கறுப்புத் திட்டுதானே உண்மையைச் சொன்னது.

இரவல் கருவியோடு அம்மா ஒரு நோட்டும் வைத்திருந்தாள். தேதி, நேரம், மருந்து, கடைசியில் 'குறிப்பு'. மூன்றாம் நாள் மாலைக்கு எதிரே பென்சிலில் எழுதியிருக்கிறாள்: "சீரியல் பார்த்துக்கொண்டே எடுத்தேன். இதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்."