ஓலைப் பெட்டியை வெளிநாட்டுக்கு விற்க: கடை திறக்கும் முன் பார்சலைக் கட்டிப் பாருங்கள்

"ஆன்லைனில் கடை போடணும், எந்த வெப்சைட் நல்லது?" என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது, உங்கள் சரக்கு எத்தனை கிராம், எவ்வளவு இடம் அடைக்கும்? நான் விற்பது பனையோலைப் பெட்டி. அதை வைத்தே சொல்கிறேன்.

படி 1: கட்டுங்கள், அளவெடுங்கள்

30 × 30 × 20 செ.மீ. அளவில் மூடி போட்ட ஒரு பெட்டி. தராசில் வைத்தால் 400 கிராம்கூட வராது. ஆனால் கூரியர்காரர் டேப்பை எடுப்பார். மூன்று அளவையும் பெருக்கினால் 18,000. கூரியர் கணக்குப்படி அதை 5,000-ஆல் வகுத்தால் 3.6. ஆக, பில் 3.6 கிலோவுக்கு. பெட்டிக்குள் இருக்கும் காற்றுக்கும் காசு! என் முதல் ஆர்டரின் லாபம் இந்தக் காற்றில்தான் போனது.

மருந்து எங்கள் ஆச்சிகளிடமே இருந்தது: ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் ஐந்து பெட்டி செட். ஒரு பெட்டி அடைக்கும் இடத்தில் ஐந்தும் போய்விடும். தபால் துறையின் சர்வதேச ட்ராக்டு பாக்கெட்டையும் (எங்கே போகிறது என்று பார்க்கக்கூடிய சிறு பார்சல்) விசாரியுங்கள். அதில் எடைதான் கணக்கு. நீளம், அகலம், உயரம் கூட்டினால் 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும்.

இன்னொன்று, ஈரம். மழைக்காலத்தில் முடைந்த பெட்டியை அப்படியே பிளாஸ்டிக்கில் சுற்றி அனுப்பினேன். பிரித்தவர் அனுப்பிய போட்டோவில் ஓலை முழுக்கப் பூசணம். இப்போதெல்லாம் இரண்டு நாள் வெயில் காட்டி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்ட பிறகுதான் கட்டுகிறேன். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆர்டர்களைத் தொடக்கத்தில் எடுக்காதீர்கள். ஓலை, நார், மரம் என்றால் அங்கே சோதனை கடுமை.

படி 2: காகித வேலை

மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகமான டிஜிஎஃப்டி தளத்தில் 500 ரூபாய் கட்டி, பான் கார்டை வைத்து ஐஈசி எண் (ஏற்றுமதி-இறக்குமதி எண்) வாங்குங்கள். ஒருமுறை வாங்கினால் போதும். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் தளத்தில் போய் விவரங்களை உறுதிசெய்ய வேண்டும். மறந்தால் எண் முடங்கும். ஜிஎஸ்டி தளத்தில் எல்யூடி (வரி கட்டாமல் ஏற்றுமதி செய்யக் கொடுக்கும் உறுதிமொழி) போடுங்கள். போடாவிட்டால் வரியைக் கட்டிவிட்டு ரீஃபண்டுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். எல்யூடியையும் ஒவ்வொரு நிதியாண்டும் புதிதாகப் போட வேண்டும்.

பார்சல் படிவத்தில் "கிஃப்ட்" என்று எழுதச் சொல்லி யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். சுங்கத்துறை பொருள்களை வகை பிரிக்கும் எண்தான் எச்எஸ் எண்; பின்னிய பொருள்களுக்கு அது 4602-இல் தொடங்கும். அதைப் போட்டு உண்மையான விலையை எழுதுங்கள். 2022-இல் தொடங்கிய டாக் கர் நிர்யாத் கேந்திரா (தபால் நிலைய ஏற்றுமதி மையம்) உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருந்தால் இந்தப் படிவ வேலையை அங்கேயே முடிக்கலாம்.

படி 3: விலை

அமெரிக்காவுக்கு 800 டாலர் வரை சுங்கவரி இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. 2025 ஆகஸ்ட் 29 முதல் அந்தச் சலுகை கிடையாது. நம் தபால் துறையும் சில வாரங்கள் அமெரிக்கப் பார்சலை நிறுத்திவைத்து, அக்டோபர் 15-இல்தான் மறுபடி எடுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 22 யூரோ வரை இருந்த வாட் (மதிப்புக்கூட்டு வரி) விலக்கு 2021 ஜூலையிலேயே போய்விட்டது. ஆகவே வரியை யார் கட்டுவது என்பதை விற்பனைப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். கதவைத் தட்டி வரி கேட்டால் வாங்கியவர் பார்சலைத் திருப்பித்தான் அனுப்புவார்.

படி 4: கடை

இப்போது கடை. முதல் ஐந்தாறு மாதம் சொந்த வெப்சைட் வேண்டாம் என்பேன். எட்சி போன்ற, பலரும் கடை போடும் ஆன்லைன் சந்தையில் ஒரு பொருளைப் பட்டியலிட 20 சென்ட், விற்றால் 6.5 சதவீதம். இந்தச் சதவீதம் தபால் செலவுக்கும் சேர்த்து. 40 டாலர் செட்டுக்கு 20 டாலர் தபால் என்று வையுங்கள்: 60-க்குக் கணக்குப் போட்டு 3.90 டாலர் பிடிப்பார்கள். பணம் வாங்கித் தரும் கட்டணம் தனி.

போட்டோவில் பெட்டியை ஒரு கை பிடித்திருக்கட்டும். அளவை செ.மீ.யிலும் அங்குலத்திலும் எழுதுங்கள். "நினைத்ததைவிடச் சின்னது" என்ற புகார் பாதி குறையும்.

படி 5: பணமும் புகாரும்

எதற்காக வந்த பணம் என்று காட்டும் பர்பஸ் கோடை வங்கி கேட்கும். சரக்கு அனுப்பும் முன் வரும் பணத்துக்கு பி0103. வெளிநாட்டுப் பணம் வந்ததற்கான வங்கிச் சான்றை மாதாமாதம் இறக்கி வையுங்கள், ஆடிட்டர் கேட்பார்.

பெட்டி நசுங்கிப் போய்ச் சேர்ந்தால் திருப்பி அனுப்பச் சொல்லாதீர்கள். வரும் செலவில் இரண்டு செட் முடைந்துவிடலாம். போட்டோ வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிடுங்கள். எந்த மூலை நசுங்கியது என்று பார்த்து, அடுத்த பார்சலில் அங்கே அட்டை வையுங்கள்.