ஏறாத வீடியோவும் எட்டாம் திகதி தீர்ந்த டேட்டாவும்: மட்டக்களப்புக்குப் போகிறவர்களுக்கு

போன முறை ஊரில் நின்றபோது ஒரு காலை, தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த என் முன்னால் மருமகன் வந்து நின்றான். "மாமா, நெட் சரியான ஸ்லோ. ஸூம் கிளாஸ் நிண்டு நிண்டு வருது." நானும் பெரிய மனுசனாக இணையக் கம்பெனியைத் திட்டினேன். ரவுட்டரை ஓஃப் பண்ணி ஓன் பண்ணினேன். மறுகா பார்த்தால் குற்றவாளி என் சட்டைப் பையில்தான் இருந்தது. கொக்கட்டிச்சோலைத் தேருக்குப் போய் எடுத்த வீடியோக்களை என் போன் இரவு முழுக்க அவர்களுடைய வைஃபையில் கிளவுட்டுக்கு அனுப்பிக்கொண்டு இருந்திருக்கிறது. அன்றைக்குத் திகதி எட்டு. மாதம் முழுக்கப் போகவேண்டிய வீட்டு டேட்டா முடிந்துவிட்டது.

கனடாவிலோ லண்டனிலோ வீட்டு இணையத்துக்கு அளவு பார்த்துப் பழக்கமில்லாதவர்கள் நாங்கள். ஊரில் பெரும்பாலான வீடுகளில் பேக்கேஜ் ஜிபி கணக்கில்தான். நீங்கள் இறக்குவது மட்டுமல்ல, ஏற்றுவதும் அந்தக் கணக்கில் விழும். அளவு முடிந்ததும் சில பேக்கேஜ்களில் இணைப்பு அறுந்துபோகாது, வேகம் மட்டும் படுத்துவிடும். அதனால் 'இங்கே நெட் ஸ்லோ' என்று முடிவுகட்ட முன்னர், வீட்டுக்காரரிடம் கம்பெனியின் செயலியைத் திறக்கச் சொல்லி எவ்வளவு மிச்சம் கிடக்கிறது என்று பாருங்கள். பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று டேட்டாவைப் பிரித்துத் தரும் பேக்கேஜ்களும் உண்டு. அப்படியானால் இரவுக் கணக்கு தொடங்கி முடியும் நேரத்தைக் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். ஊரே விழித்திருந்து நாடகம் பார்க்கும் இரவு எட்டு மணியை விட, வெள்ளாப்பில் எழும்பி ஏற்றினால் வேகமும் கிடைக்கும்.

விருந்தாளியாக ஒரு வீட்டில் இறங்கியதும் செய்யவேண்டிய முதல் வேலை ஒன்று இருக்கிறது. ஐபோன் என்றால் வைஃபை பட்டியலில் அந்த வீட்டின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள 'ஐ' குறியைத் தொட்டு, 'லோ டேட்டா மோட்' என்பதை ஓன் பண்ணுங்கள். ஐகிளவுட் போட்டோஸ் தானாக ஏற்றுவதை நிறுத்திவைக்கும். அண்ட்ரொயிட் போனில் அதே இடத்தில் அந்த வைஃபையை 'மீட்டர்ட்', அதாவது அளவுக் கணக்குள்ளது, என்று குறிக்கலாம். கூகுள் போட்டோஸில் மொபைல் டேட்டாவில் ஏற்றும் அனுமதி கொடுத்திருந்தால் அதையும் நிறுத்திவையுங்கள். அப்புறம் எப்போது ஏற்றுவது என்பது உங்கள் கையில்.

சரி, டேட்டா மிச்சம் இருக்கிறது, ஆனாலும் ஏறவில்லை. இப்போது வேகத்தை அளக்கலாம். ஸ்பீட்டெஸ்ட் செயலியில் எல்லோரும் பார்ப்பது டவுன்லோட் எண்ணை. அதை விடுங்கள், அப்லோட் எண்தான் நமக்கு வேண்டியது. வீட்டுக்கு வருகிற இணைப்புகள் பல, இறக்குவதற்கு அகலமாகவும் ஏற்றுவதற்கு ஒடுக்கமாகவும் அமைந்தவை. யூடியூப் துள்ளிக்கொண்டு ஓடும், அதே வீட்டில் வீடியோ மூன்று வீதத்தில் நின்றுகொண்டிருக்கும்.

இன்னொரு குழப்பம்: வேகம் பிட் கணக்கில், கோப்பு பைட் கணக்கில். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். அப்லோட் 2 எம்பிபிஎஸ் (நொடிக்கு இரண்டு மெகாபிட்) என்று காட்டினால், ஒரு மணி நேரத்துக்கு ஏறக்கூடியது ஏறத்தாழ 900 எம்பி. புதிய ஐபோனில் 4கே, நொடிக்கு 60 ஃபிரேம் என்று வைத்து எடுத்தால் நிமிடத்துக்கு 400 எம்பி போகும். 12 நிமிடத் தேர் வீடியோ 4.8 ஜிபி, ஏற ஐந்தேகால் மணிக்கு மேல் ஆகும். அதையே 1080, நொடிக்கு 30 ஃபிரேம் என்று எடுத்தால் நிமிடத்துக்கு 60 எம்பிதான். முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே போனால் வேலை முடிந்தது. வட்ஸ்அப்பில் பார்க்கப்போகும் மாமிமாருக்கு 4கே எதற்கு? செட்டிங்ஸில் கமரா, அதற்குள் ரெக்கோர்ட் வீடியோ. ஊரில் நிற்கும் வரைக்கும் குறைத்து வையுங்கள். ஒரு குழந்தையின் முதல் நடை, அம்மம்மாவின் கதை மாதிரி ஒன்றிரண்டுக்கு மட்டும் கூட்டிக்கொள்ளலாம்.

அடுத்தது சிக்னல். இதில்தான் மட்டக்களப்பின் நிலம் தன் குணத்தைக் காட்டும். கல்லடியிலோ டவுனிலோ நின்றால் கவலை குறைவு. வாவியைத் தாண்டிப் படுவான்கரைக்குள் போனால் வயலும் வெளியுமாக விரிகிறது, டவர் எங்கேயோ தூரத்தில் நிற்கும். டவர் பல பத்து வாட் வலுவில் உங்களை நோக்கிப் பேசுகிறது. உங்கள் போன் திருப்பிப் பேசும் உச்ச வலு கால் வாட்டுக்கும் குறைவு. அதனால் சிக்னல் தேயும்போது முதலில் விழுவது அப்லோட்தான். போனில் இரண்டு கோடு தெரிகிறதே என்று ஏமாறவேண்டாம்.

தங்கச்சி வீட்டில் 4ஜி ரவுட்டர் ஹோலில், இரும்பு அலுமாரிக்கும் டிவிக்கும் இடையில், மேலே ஒரு பூத்துணி விரித்து வைத்திருந்தார்கள். தூசி படாதாம். அதை எடுத்து றோட்டுப் பக்கம் பார்த்த யன்னல் விளிம்பில் வைத்தேன், அவ்வளவுதான். அப்லோட் ஒன்றிலிருந்து ஐந்து ஆனது. மச்சானுக்கு இது மந்திரம் மாதிரி. வெயில் நேராக விழாத யன்னலாகப் பாருங்கள், சூடேறினால் ரவுட்டரும் களைத்துப்போகும், சார்ஜில் கிடக்கும் போனும் களைத்துப்போகும்.

சிம் விஷயத்தில் ஒரு வார்த்தை. பலர் வெளிநாட்டு சிம்மின் ரோமிங்கிலேயே சமாளிக்கிறார்கள். ரோமிங் டேட்டா பொதுவாக உங்கள் சொந்த நாட்டுக் கம்பெனிக்குப் போய்த்தான் இணையத்துக்குள் நுழையும். செங்கலடியில் இருந்து ஏற்றும் படம் டொரொண்டோவைச் சுற்றிப் போகும். பயண இசிம்கள் பலவும் இப்படி மூன்றாம் நாடு வழியாகப் போகிறவைதான். கட்டுநாயக்காவில் இறங்கியதும் பாஸ்போர்ட்டைக் காட்டி உள்ளூர் சிம் ஒன்று வாங்கிவிடுங்கள். இணையத்தை வேறு நாட்டு வழியாகத் திருப்பிவிடும் விபிஎன்னும் இதே கதைதான். அங்கத்தைய டிவி பார்க்கவென்று லண்டனுக்குப் போட்டுவிட்டு மறந்திருப்பீர்கள், ஒவ்வொரு போட்டோவும் அந்த வழியால் போய்க்கொண்டிருக்கும். ஏற்றும்போது ஓஃப் பண்ணுங்கள்.

சில நேரம் வேகத்தில் பிழையே இருக்காது. கூகுளில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி, ஐகிளவுட்டில் 5 ஜிபி. நிறைந்தால் ஏறுவது நின்றுவிடும், அதை நாம் 'ஸ்லோ' என்று நினைத்துக்கொண்டிருப்போம். ஐபோனில் லோ பவர் மோட் மஞ்சளாக எரிந்தாலும் ஐகிளவுட் போட்டோஸ் ஓய்வெடுக்கும்.

லப்டொப்பில் இருந்து ஏற்றுகிறவர்கள் பிரவுசரை விட்டுவிட்டு ட்ரொப்பொக்ஸ், கூகுள் ட்ரைவ், வன்ட்ரைவ் என்று அந்தந்தச் செயலியையே போடுங்கள். கரண்ட் போய்வந்தால் பிரவுசரில் பலவேளை முதலிலிருந்து தொடங்கவேண்டும், செயலி விட்ட இடத்திலிருந்து பிடிக்கும். அப்லோட் வேகத்துக்கு எல்லை வைக்கும் வசதி மூன்றிலும் இருக்கிறது. அளந்த வேகத்தில் முக்கால்வாசிக்கு மேல் கொடுக்காதீர்கள். ஏறும் பாதை நிரம்பி வழிந்தால் மற்றவர்கள் இறக்குவதும் இழுபடும், மருமகனின் கிளாஸ் உட்பட.

இவ்வளவும் சொன்னாலும், நான் இப்போது பெரிய வீடியோக்களை ஊரிலிருந்து ஏற்றுவதே இல்லை. கோப்புகளைச் சேமிக்கச் சின்னதாக ஒரு எஸ்எஸ்டி டிரைவ் கொண்டுபோகிறேன். ஒவ்வொரு இரவும் அதில் ஒரு பிரதி. போட்டோ மட்டும் வெள்ளாப்பில் கிளவுட்டுக்கு, அதுவும் என் சிம் டேட்டாவில். வீடியோ எல்லாம் திரும்பி வந்து வீட்டு ஃபைபரில் ஏறும். வரும்போது ஒரு பென்ட்ரைவில் தேர் வீடியோவைப் போட்டுத் தங்கச்சியிடம் கொடுத்தேன். அவர்களுடைய பழைய டிவி ஐபோனின் புதிய வீடியோ வகையை வாசிக்கவில்லை, எச்.264 என்ற பழைய வகைக்கு, எம்பி4 ஆக மாற்றித்தான் கொடுக்கவேண்டியிருந்தது. பின்னேரங்களில் பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டுப் போட்டுக் காட்டுகிறாளாம், நெட் இல்லாமலே.