சிந்தசைசரை ஒப்பிடும் முன் எஃபெக்டை அணையுங்கள்

கணினியிலேயே இசையொலியை உருவாக்கும் மென்பொருள் சிந்தசைசர்களை ஒப்பிடும்போது பலரும் ஆயத்த ஒலிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டே முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அந்தப் பகட்டில் பாதி ரிவெர்ப் (அறை முழக்கம்), டிலே (எதிரொலி) போன்ற எஃபெக்டுகள் தருவது. அரிதாரத்தைக் கழுவிவிட்டுத்தான் முகத்தைப் பார்க்க வேண்டும்.

வைட்டல், சர்ஜ் எக்ஸ்டி என்ற இரண்டு சிந்தசைசர்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். (முன்னதற்கு இலவசப் பதிப்பு உண்டு, சர்ஜ் முழுவதுமே இலவசம்.) இரண்டிலும் 'இனிட்' எனும் வெற்று ஒலியைத் திறந்து, ஒரே ஒரு ஆசிலேட்டரில் (அடிப்படை அலையை உண்டாக்கும் பகுதி) ரம்பப்பல் அலையை வையுங்கள். எஃபெக்ட் எதுவும் வேண்டாம். பிறகு ஒலி அளவைக் கட்டாயம் சமன் செய்யுங்கள். 1 டெசிபல் கூடினாலே காது அதை 'நல்ல' ஒலி என்று நம்பிவிடும். நானே பலமுறை ஏமாந்திருக்கிறேன்.

இனி ஒரே மிடி துணுக்கை (எந்த ஸ்வரம், எவ்வளவு நேரம் என்று சொல்லும் குறிப்பு) இரண்டுக்கும் கொடுங்கள். கீழ் ஸ்தாயியில் நீண்ட ஸ்வரம் ஒன்று போதும். மேல் அதிர்வெண்களை வெட்டும் லோபாஸ் ஃபில்டரில், வெட்டும் இடத்தைத் தூக்கிக் காட்டும் ரெசொனன்ஸை முக்கால்வாசி ஏற்றி, அந்த வெட்டும் இடமான கட்ஆஃபை மேலிருந்து மெல்ல இறக்குங்கள். ஒன்று விசிலடிக்கும், இன்னொன்று அடித்தொண்டையில் உறுமும். குணம் தெரிவது இங்கேதான். அடுத்து மிக உயர்ந்த ஸ்வரத்தைப் பிடித்து பிட்ச் வீலை மேலே தள்ளுங்கள். சுருதி ஏற ஏற, பின்னால் ஏதோ ஒரு கீச்சொலி கீழே இறங்கினால் அது அலியாசிங், அதாவது டிஜிட்டல் கணக்கீட்டில் நுழையும் போலி ஒலி.

மணியோசையும் எலெக்ட்ரிக் பியானோவும் மட்டும் போதுமென்றால் இந்தப் பாடெல்லாம் எதற்கு? அந்த ஒலிகளுக்கே பெயர்போன, 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைசரை ஒட்டி எழுதப்பட்ட டெக்செட் இலவசமாகவே கிடைக்கிறது.