ஒற்றைப் பொதியில் விழுந்த ஃபயர்வால்

கிளிநொச்சியில் ஒரு கணினி வகுப்புக்கு நான்தான் நெட்வொர்க் பார்த்தேன். பழைய கணினி ஒன்றில் ஓபன்பிஎஸ்டி 4.4 என்ற இயங்குதளத்தைப் போட்டு, அதிலுள்ள பிஎஃப் என்ற ஃபயர்வாலை, அதாவது வந்துபோகும் தரவை வடிகட்டும் காவலனை, இணைய வாசலில் நிறுத்தியிருந்தோம். திடீரென்று இணையம் செத்துப்போகும். யாராவது நேரில் போய் ரீபூட் செய்யவேண்டும். "கரன்ட் பிழை அண்ணை" என்றார்கள் பெடியள். நானும் நம்பி யுபிஎஸ் மாற்றினேன். வீண்செலவு.

மூன்றாம் முறை மானிட்டரை மாட்டிப் பார்த்தால் கர்னல் பேனிக், அதாவது இயங்குதளத்தின் மையமே நிலைகுலைந்து நின்றிருந்தது! எந்த இடத்தில் விழுந்தது என்று காட்டும் டிரேஸை எடுத்தேன், பிஎஃப் பெயர்தான் வந்தது. அப்புறம்தான் 2009 ஏப்ரலில் வெளியான ஓபன்பிஎஸ்டி திருத்தக் குறிப்பு கண்ணில் பட்டது. பழைய இணைய நெறிமுறையான ஐபிவி4-இன் பொதிக்குள் (ஒரு தரவுத் துண்டுக்குள்), புதிய ஐபிவி6-இன் ஐசிஎம்பிவி6-க்கு உரிய நெறிமுறை எண் 58-ஐ வைத்து அனுப்பினால், முகவரி மாற்றும் விதி அதைக் கையாளப்போய், நினைவகத்தில் எதையும் சுட்டாத பாயிண்டரில் கால்வைத்துக் கர்னலையே கவிழ்த்துவிடும். அனுப்புகிறவனுக்குக் கடவுச்சொல்கூட வேண்டாம்.

முகவரி மாற்றும் நாட், ஆர்டிஆர் விதிகள் எல்லாவற்றையும் ஐபிவி4-க்கு உரிய டிசிபி, யுடிபி, ஐசிஎம்பி என்ற மூன்று நெறிமுறைகளுக்கு மட்டும் என்று கட்டினேன்; எண் 58 வந்தாலும் அவை தொடாது. பிழை இருக்கிறதா என்று பிஎஃப்பைக் கையாளும் கட்டளையான பிஎஃப்சிடிஎல்லில் சோதித்துவிட்டு ஏற்றினேன். அன்றோடு விழுவது நின்றது.

பிறகு பேட்ச், அதாவது பிழையைச் சரிசெய்யும் திருத்தத்தைப் போட்டுக் கர்னலைத் தொகுக்க, அந்தக் கிழட்டுக் கணினிக்கு ஒரு இரவு பிடித்தது. நடுவில் கரன்ட் போகாதது முறிகண்டிப் பிள்ளையார் புண்ணியம்.