40 சென்டிமீட்டருக்குள் சுகம்: மடக்கு சைக்கிளில் எதை மாற்றலாம், எதை விட்டுவிடலாம்

சிங்கப்பூரில் மடக்கு சைக்கிளைப் பெருவிரைவு ரயிலிலோ பேருந்திலோ கொண்டுபோக வேண்டுமானால், மடக்கிய நிலையில் அது 120 × 70 × 40 சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும். 20 அங்குலச் சக்கரம் கொண்ட வண்டிகளுக்கு முதல் இரண்டு அளவும் பெரும்பாலும் தொல்லை தராது. இடிப்பது அந்த 40தான். அதனால் எந்தப் பாகத்தையும் வாங்குமுன் வண்டியை மடக்கி, மிகத் தடிமனான இடத்தை அளந்து எழுதிவையுங்கள். மிச்சம் 2 சென்டிமீட்டர்தான் என்றால், அகலமான ஹேண்டில்பாரும் பெரிய பெடலும் உங்கள் வண்டிக்கு இல்லை. வீட்டிலிருந்து நிலையம், நிலையத்திலிருந்து அலுவலகம் என்று ஓடும் வண்டி மடங்க மறுத்தால், மற்ற வசதிகள் இருந்தும் பயனில்லை.

முதல் செலவு டயருக்கு

ஒரே ஒரு மாற்றத்துக்குத்தான் பணம் இருக்கிறதென்றால் டயரை மாற்றுங்கள். சின்னச் சக்கரம் ஒரே பள்ளத்தில் பெரிய சக்கரத்தைவிட ஆழமாக இறங்கும். நடைபாதை விளிம்பிலும் அதிகச் செங்குத்தாக மோதும். அந்த அடியை வாங்கிக்கொள்ளக் காற்றுதான் வேண்டும். ஒல்லி டயரில் அது போதாது.

டயரின் பக்கவாட்டில் 40-406 என்பதுபோல் ஓர் எண் இருக்கும். 40 என்பது டயரின் அகலம், 406 என்பது ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். 451 என்று இன்னோர் அளவும் உண்டு. கடையில் இரண்டையுமே 20 அங்குலம் என்பார்கள், ஆனால் ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. 40-406 இருந்த இடத்தில் 50-406 போட்டால் டயர் பக்கத்துக்கு 5 மில்லிமீட்டர் அகலமாகும், உயரமும் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் கூடும். பிரேமுக்கும் டயருக்கும் நடுவே மாற்றிய பிறகும் 6 மில்லிமீட்டராவது இடைவெளி இருக்க வேண்டும். பின்சக்கரத்தில், பெடல் அச்சுக்குப் பின்னால் இரு குழாய்களையும் இணைக்கும் குறுக்குத் துண்டுதான் முதலில் உரசும்.

பையோடு சேர்த்து 70 கிலோ எடைக்கு, 50-406 டயரில் முன்னே 35 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு), பின்னே 45 என்று தொடங்குங்கள். டயரில் அச்சிட்டிருக்கும் வரம்பைத் தாண்ட வேண்டாம். விளிம்பில் ஏறும்போது ரிம் தட்டினால் 5 கூட்டுங்கள். தட்டுவதை அலட்சியப்படுத்தினால் டியூபில் பாம்பு கடித்ததுபோல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். வி-பிரேக் (ரிம்மை இருபுறமும் கட்டைகளால் கவ்வும் பிரேக்) உள்ள வண்டியில் இந்த அகல டயர், காற்றோடு பிரேக் கட்டைகளுக்கு நடுவே நுழையாது. சக்கரத்தை மாட்டிய பிறகு காற்றடியுங்கள்.

மட்கார்டையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும்: 50 டயருக்கு 60 மில்லிமீட்டர் அகலம். மழை ஊரில் மட்கார்டு இல்லாமல் ஓட்டுவது வீண் வீம்பு.

சீட்

குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் நேராக நீள வேண்டும். அதுவே சரியான உயரம். தினமும் மடக்குவதால் இந்த உயரம் தினமும் தொலையும். சீட் தண்டில், கவ்வி முடியும் இடத்தில் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். டேப் ஒட்டினால் தண்டை இறக்கும்போது உரிந்து குழாய்க்குள் மாட்டும்.

தண்டு மெல்ல இறங்குகிறதா? கவ்வியை முறுக்கும் முன் தண்டைச் சோப்பு நீரால் துடைத்து உலரவிடுங்கள். பாதிக் குற்றம் எண்ணெய்ப் பிசுக்குடையது. நெம்புகோல் பாதி வழியில் விறைக்கத் தொடங்கும் அளவுக்கு நட்டை இறுக்கினால் போதும்.

ஸ்பிரிங் தண்டு வாங்க ஆசைப்படுபவர்கள் கவனிக்க: சாதாரண ஸ்பிரிங் தண்டு 350 முதல் 400 மில்லிமீட்டர் நீளம்தான். மடக்கு சைக்கிளின் தண்டு 580, 600 என்று இருக்கும். குட்டைத் தண்டை இழுத்து உயர்த்தினால், குறைந்தபட்சம் உள்ளே இருக்க வேண்டும் என்று போட்ட கோடு வெளியே வந்துவிடும். அங்கே பிரேம் விரிசல் விடும். அகலமான, அடியில் ஸ்பிரிங் வைத்த சீட்டே மலிவான வழி. நிமிர்ந்து உட்காரும்போது எடை பின்னால் விழுவதால் ஒல்லி சீட் வலிக்கும்.

கை மரத்துப்போனால்

சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால், உள்ளங்கையின் அடியில் ஓடும் நரம்பு அழுந்துகிறது என்று பொருள். உள்ளங்கையைத் தாங்கும் சிறகு வைத்த கைப்பிடி போடுங்கள். முறுக்கி கியர் மாற்றும் வண்டியென்றால் வலப்பக்கத்துக்குக் குட்டைப் பிடி, சுமார் 90 மில்லிமீட்டர், தேவை. பழைய பிடியைக் கழற்ற அடியில் சோப்பு நீர் விடுங்கள். எண்ணெய் விட்டால் புதியது சுழலும். சிறகு மணிக்கட்டுக்கு நேராக இருக்கட்டும். ஹேண்டில்பாரை மாற்றினாலோ உயர்த்தினாலோ, இருபுறமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள், மடக்கியும் பாருங்கள்: கேபிள் இழுபட்டுப் பிரேக் தானாகப் பிடித்தால் கேபிள் குட்டை.

கியர்

பல மடக்கு சைக்கிளில் முன் பல்சக்கரத்துக்கு 52 பல், பின்னே உள்ளவற்றுக்கு 14 முதல் 28. மேம்பாலத்தில் மூச்சு வாங்கினால் முன்னதை 46 ஆக்கலாம். 50-406 டயரில் மிகக் கடினமான கியரில் ஒரு சுற்றுக்கு 5.9 மீட்டர் போனது 5.2 ஆகும். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் மணிக்கு 25 கிலோமீட்டர். சைக்கிள் பாதையின் வரம்பே அதுதான், இழப்பு ஒன்றுமில்லை. செயினில் ஒரு ஜோடிக் கண்ணியைக் குறைக்க வேண்டும். பல்சக்கரம் கிராங்கோடு (பெடலைத் தாங்கும் கையோடு) ரிவெட் அடித்திருந்தால் கிராங்கையே மாற்ற வேண்டிவரும், செலவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பை, விளக்கு

இந்த வெயிலில் முதுகுப்பை சட்டையை நனைத்துவிடும். பிரேமின் முன்குழாயில் திருகுத் துளைகள் இருந்தால் அதில் பை மாட்டும் கட்டையைப் பொருத்துங்கள். பை பிரேமோடு நிற்பதால் ஹேண்டில் திருப்பும்போது கனக்காது. பின்னால் பக்கப் பைகள் வேண்டாம், குதிகால் இடிக்கும்.

பின்விளக்கைச் சீட் தண்டில் மாட்டாதீர்கள், தண்டு இறங்காது. சீட்டின் அடிக்கம்பியில் மாட்டலாம். டைனமோ ஹப் (சக்கரம் சுழலும்போது விளக்குக்கு மின்சாரம் தரும் சக்கர நடுப்பகுதி) வாங்குவோர் முன்போர்க்கின் அகலத்தை அளக்கவும்: பல மடக்கு வண்டிகளில் 74 மில்லிமீட்டர், சாதாரண ஹப்போ 100.

எல்லாம் முடிந்தபின் முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹேண்டில் தண்டின் மடிப்பில் 'டக்' என்று அசைந்தால், அதன் சரிசெய்யும் திருகை எட்டில் ஒரு பங்கு சுற்று மட்டும் திருப்பி மறுபடி பாருங்கள். நெம்புகோல் உள்ளங்கையால் அழுத்தி மூடும் அளவுக்கு விறைப்பாக இருக்க வேண்டும். உடம்பைச் சாய்த்து அழுத்தினால்தான் மூடுகிறது என்றால் அளவு மீறிவிட்டது. திருகைக் கொஞ்சம் தளர்த்துங்கள்.