மேற்பார்வைப் பொறுப்பில் அமரும் அரசு வழக்கறிஞர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது கைது, ரிமாண்ட், வீடியோ பதிவு என்று எல்லாவற்றைப் பற்றியும் பேசினோம். 20-வது பிரிவைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. குற்ற வழக்குத் தொடர்வுத் துறையில் யார் எந்த வழக்கைக் கண்காணிக்க வேண்டும் என்பதைச் சட்டமே அங்கே பிரித்துக் கொடுத்திருக்கிறது. 10 ஆண்டும் அதற்கு மேலும் சிறை, ஆயுள், மரண தண்டனை என்றால் இயக்குநர். 7 ஆண்டிலிருந்து 10 ஆண்டுக்குள் என்றால் துணை இயக்குநர். 7 ஆண்டுக்குக் கீழ் என்றால் உதவி இயக்குநர். பழைய சட்டத்தின் 25-ஏ பிரிவு 2005-ம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது. அது துறையை அமைக்கலாம் என்று சொல்லிவிட்டு, வேலை என்ன என்பதை மாநில அரசின் அறிவிக்கைக்கு விட்டுவிட்டது. இப்போது அந்தத் தெளிவின்மை இல்லை. மேல்முறையீடு போகலாமா என்று கருத்துச் சொல்வது இயக்குநரின் வேலை, போலீஸ் அறிக்கையை ஆராய்ந்து பார்ப்பது துணை இயக்குநரின் வேலை என்று வெளிப்படையாகவே எழுதிவிட்டார்கள்.

இந்த இடத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கோர்ட்டில் நன்றாக வழக்கு நடத்தியவர்கள். சிலர் டிஎன்பிஎஸ்சி தேர்வெழுதி அரசு உதவி வழக்கறிஞராக வந்து படிப்படியாக ஏறியவர்கள். சாட்சியை விசாரிக்கத் தெரியும், வாதாடத் தெரியும். ஆனால் அடுத்தவர் நடத்தும் வழக்கைப் பார்த்துக்கொள்வது வேறு வேலை. தன் மேஜைக்கு வரும் தாளை மேலேயோ கீழேயோ தள்ளிவிடுவதுதான் மேற்பார்வை என்று நினைக்கும் இடத்தில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

கோப்பைப் படிக்காமல் ஒப்புதல் தருவது

இதை முதலில் சொல்வதற்குக் காரணம், மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்துதான் பிறக்கிறது. ஒரு கொலை வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தகவல் அறிக்கையில் நேரம் இரவு 9.30. மாஜிஸ்ட்ரேட் கையெழுத்துப் போட்டு வாங்கிய நேரம் மறுநாள் மாலை 4.30. காவல் நிலையத்துக்கும் மாஜிஸ்ட்ரேட் வீட்டுக்கும் ஆறு கிலோமீட்டர்தான். பிரேத விசாரணை அறிக்கையில் எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், பெயர் இல்லை. நேரில் பார்த்ததாகச் சொல்லும் மூன்று பேரின் போலீஸ் வாக்குமூலமும் சம்பவத்துக்கு மறுநாள் தேதியிட்டது. ஆனால் கோர்ட்டுக்கு வந்து சேர்ந்தது இரண்டு மாதம் கழித்து, குற்றப்பத்திரிகையோடு. பிரேதப் பரிசோதனைச் சான்றிதழில் மூன்று குத்துக் காயம், ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர் அகலம். கைப்பற்றியதாக மகஜரில் (கைப்பற்றல் குறிப்பில்) இருப்பதோ அரிவாள்.

இதில் ஒவ்வொன்றும் கோப்புக்குள்ளேயே இருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் நகல் கைக்கு வந்த அன்றே எடுத்துவிடுவார். மேற்பார்வை அதிகாரி இதைக் குற்றப்பத்திரிகை தாக்கலாகும் முன்பே பார்த்திருந்தால், முதல் தகவல் அறிக்கையை எடுத்துச் சென்ற காவலரைச் சாட்சிப் பட்டியலில் சேர்த்துத் தாமதத்துக்கு விளக்கம் கேட்டிருக்கலாம். அந்த ஆயுதத்தால் அந்தக் காயம் ஏற்படுமா என்று மருத்துவரிடம் கேட்கச் சொல்லியிருக்கலாம். பதில் பாதகமாகக்கூட வரலாம். வரட்டும். தவறான ஆளைக் கூண்டில் நிறுத்தியிருக்கிறோமோ என்ற சந்தேகம் நம் அலுவலகத்திலேயே எழுவது, நான்கு வருடம் கழித்துத் தீர்ப்பில் எழுவதைவிட எல்லோருக்கும் நல்லது, சிறையில் இருப்பவருக்கு முக்கியமாக.

மின்னணுச் சாட்சியத்தையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். அதன் நம்பகத்தன்மைக்கான சான்றிதழ் கட்டாயம் என்று 2020-ல் அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உறுதிப்படுத்தியது. புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவில் அந்தச் சான்றிதழுக்கு இரண்டு பகுதிகள். இரண்டாவதை நிபுணர் கையெழுத்திட வேண்டும். சிசிடிவி பதிவைப் பென் டிரைவில் போட்டு ஒரே பக்கச் சான்றிதழோடு கோப்பு வந்தால் அப்போதே திருப்பி அனுப்புங்கள்.

ஆராய்வதைத் தாண்டி ஆணையிடுவது

மேலே சொன்னதற்கு நேர் எதிர்த் தவறும் உண்டு. ஆர்.சரளா எதிர் டி.எஸ்.வேலு வழக்கு தமிழ்நாட்டிலிருந்து போனது. அரசு வழக்கறிஞரின் கருத்தைக் கேட்டு அதன்படி திருத்திய குற்றப்பத்திரிகை போட வேண்டும் என்ற உயர் நீதிமன்ற உத்தரவை உச்ச நீதிமன்றம் 2000-ல் ரத்து செய்தது. புலனாய்வு வேறு, வழக்கு நடத்துவது வேறு. யார் மீது குற்றம் சாட்டுவது என்ற முடிவுக்கு வர வேண்டியவர் புலனாய்வு அதிகாரிதான் என்பது அதன் சாரம். 20-வது பிரிவு தந்திருக்கும் அதிகாரத்தையும் இந்தக் கோட்டுக்குள் வைத்தே படிப்பதுதான் சரி என்று நினைக்கிறேன்.

நடைமுறையில் இது நீங்கள் எழுதும் குறிப்பின் வாசகத்தில் தெரியும். "சாட்சி 4-ன் வாக்குமூலத்துக்கும் மகஜருக்கும் நேரம் பொருந்தவில்லை, விளக்கம் தேவை" என்று எழுதலாம். "இன்னாரை மூன்றாவது எதிரியாகச் சேர்க்கவும்" என்று எழுதக் கூடாது. பின்னதை எழுதிய நாளிலிருந்து நீங்களும் புலனாய்வில் ஒரு ஆள். வழக்கு நடக்கும்போது அதன் ஓட்டைகளைத் தள்ளி நின்று பார்க்கும் தகுதி போய்விடும்.

காவல் துறையின் கடிதத்தை அப்படியே நகல் எடுப்பது

போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் வணிக அளவு வழக்கு என்றால் 180 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வர வேண்டும். வராவிட்டால், 36-ஏ(4) பிரிவின்படி ஒரு வருடம் வரை நீட்டிக்கலாம். அதற்கு அரசு வழக்கறிஞரின் அறிக்கை வேண்டும். புலனாய்வு எதுவரை வந்திருக்கிறது, எதிரியை ஏன் இன்னும் காவலில் வைக்க வேண்டும் என்ற குறிப்பான காரணம் இரண்டும் அதில் இருக்க வேண்டும். உபா எனப்படும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின் 43-டி(2) பிரிவிலும் இப்படித்தான், 90 நாள் 180 ஆக நீள்வதற்கு.

1994-லேயே ஹிதேந்திர விஷ்ணு தாக்கூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் வந்த வழக்கு அது. அரசு வழக்கறிஞர் வெறும் தபால் ஆபீஸ் இல்லை, புலனாய்வு அமைப்பின் அங்கமும் இல்லை. காவல் அதிகாரியின் காரணங்களைத் தானே பரிசீலித்து, ஒப்புக்கொண்டால் மட்டுமே நீட்டிப்புக் கேட்க வேண்டும். இத்தனைக்குப் பிறகும் இன்ஸ்பெக்டரின் கடிதத்தில் தலைப்பை மட்டும் மாற்றிக் கையெழுத்திடுவது நிற்கவில்லை. "தடயவியல் அறிக்கை வரவில்லை, புலனாய்வு நிலுவையில் உள்ளது" என்ற ஒற்றை வரி எதற்கும் பயன்படாது. எந்த மாதிரி எந்தத் தேதியில் ஆய்வகத்துக்குப் போனது, நினைவூட்டல் எப்போது அனுப்பினார்கள், இன்னும் யாரைத் தேடுகிறார்கள் என்று இருக்க வேண்டும்.

கடிதம் 179-வது நாள் மாலையில் வந்தால் எந்த வழக்கறிஞராலும் மனதைச் செலுத்திப் பார்க்க முடியாது. மேற்பார்வை அதிகாரி செய்ய வேண்டியது, ரிமாண்ட் தேதியிலிருந்து 60, 90, 180 என்று நாள் எண்ணும் பதிவேடு ஒன்றை வைத்து, கெடு முடிய பதினைந்து நாள் இருக்கும்போதே நிலையத்துக்கு எழுதுவது. காலம் கடந்தால் ஜாமீன் எதிரியின் உரிமை. அந்த உரிமையை மறைப்பதும் தள்ளிப்போடப் பார்ப்பதும் அரசு வழக்கறிஞர் செய்கிற வேலை இல்லை.

வாபஸ் மனுவில் கேட்ட இடத்தில் கையெழுத்திடுவது

வழக்கைத் திரும்பப் பெறும் அதிகாரம் முன்பு 321-வது பிரிவு, இப்போது 360. அரசு விரும்பலாம், பரிந்துரைக்கலாம். மனுப் போடுகிறவர் அரசு வழக்கறிஞர். முடிவும் அவருடையதாக இருக்க வேண்டும். கேரள சட்டமன்றத்தில் 2015 மார்ச் 13 அன்று பட்ஜெட் உரையின்போது நடந்த ரகளையில் சுமார் 2.2 லட்சம் ரூபாய்ச் சொத்து சேதமானது. அந்த வழக்கை வாபஸ் வாங்க அரசுத் தரப்பு மனுப் போட்டது. திருவனந்தபுரம் மாஜிஸ்ட்ரேட் மறுத்தார், உயர் நீதிமன்றம் மறுத்தது, 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் மறுத்தது. வழக்கறிஞர் சுயமாக, நல்லெண்ணத்தோடு எடுத்த முடிவா என்பதைத்தான் கோர்ட் பார்க்கும் என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது.

புதிய சட்டத்தில் பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல் வாபஸுக்கு அனுமதி தரவே முடியாது. எம்.பி., எம்.எல்.ஏ. மீதான வழக்கு என்றால் உச்ச நீதிமன்றத்தின் 2021 ஆகஸ்ட் உத்தரவின்படி உயர் நீதிமன்றத்தின் அனுமதியும் வேண்டும். மேலிடத்திலிருந்து தொலைபேசியில் சொல்வதைக் கீழே இருக்கும் உதவி வழக்கறிஞரிடம் தொலைபேசியிலேயே சொல்லிவிடுவதுதான் இங்கே மிக மோசமான பழக்கம். கோப்பில் எதுவும் இருக்காது. நாளை கேள்வி வந்தால் இளையவர் தனியாக நிற்பார். உங்கள் கருத்தை எழுத்தில் வையுங்கள், வேண்டாம் என்பதையும் எழுத்திலேயே வையுங்கள்.

சாட்சியை மறப்பது

கூலி வேலைக்குப் போகிற ஒரு பெண் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி, காலை பத்து மணிக்குக் கோர்ட் வாசலில் வந்து நிற்கிறார். மூன்று மணிக்கு "வாய்தா போட்டாச்சு, அடுத்த மாதம் வாங்க" என்கிறார்கள். சாட்சிப் படியும் கைக்கு வரவில்லை. இது இரண்டு முறை நடந்தால் மூன்றாவது முறை அவர் வரமாட்டார். வந்தாலும் எதிரியின் ஆட்கள் அதற்குள் அவர் வீட்டுக்குப் போய்விட்டு வந்திருப்பார்கள். முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னால் பிறழ் சாட்சி என்று நாம் எழுதுகிறோம். வினோத் குமார் எதிர் பஞ்சாப் வழக்கில் ஒரு சாட்சியின் முதல் விசாரணைக்கும் குறுக்கு விசாரணைக்கும் இடையே 20 மாதம் போயிருந்தது. 2015-ல் உச்ச நீதிமன்றம் அதைக் கடுமையாகக் கண்டித்தது.

வந்தும் விசாரிக்கப்படாமல் திரும்பிய சாட்சிகள் எத்தனை பேர், என்ன காரணத்தால் என்று வாரம் ஒருமுறை ஒவ்வொரு கோர்ட்டிலிருந்தும் கேட்டு வாங்குங்கள். மாதாந்திரக் கூட்டத்தில் அலசும் எத்தனையோ புள்ளிவிவரங்களைவிட இந்த ஒரு எண் அதிகம் சொல்லும்.

இன்னொன்று பலர் கவனத்துக்கே வருவதில்லை. 2018 டிசம்பரில் மகேந்தர் சாவ்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்று நாடு முழுவதும் சட்டமாக்கிய சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தில், மாவட்டக் குழுவுக்குத் தலைவர் மாவட்ட நீதிபதி, உறுப்பினர் மாவட்டக் காவல் தலைவர், உறுப்பினர்-செயலர் மாவட்டத்தில் வழக்குத் தொடர்வுத் துறையின் தலைவர். சாட்சியின் மனு உங்கள் கைவழியாகத்தான் போகிறது. டிஎஸ்பி நிலை அதிகாரியிடமிருந்து அச்சுறுத்தல் பகுப்பாய்வு அறிக்கை ஐந்து வேலை நாளில் வர வேண்டும். மனுவை மேஜையில் ஒரு வாரம் வைத்திருந்தால் அந்த ஒரு வாரமும் ஆபத்து அந்தச் சாட்சிக்குத்தான்.

தண்டனைச் சதவீதத்தைத் துரத்துவது

குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டும் சிறு வழக்கையும் போக்சோ வழக்கையும் ஒரே கணக்கில் போட்டுச் சதவீதம் எடுத்தால் அது எதையும் காட்டாது. இளையவர்களுக்கு மட்டும் ஒன்றைக் கற்றுக்கொடுக்கும்: எப்படியாவது தண்டனை வாங்கு. உண்மை எதுவானாலும் தண்டனை வாங்கியே தீர வேண்டும் என்ற தாகம் அரசு வழக்கறிஞருக்கு இருக்கக் கூடாது என்று ஷிவ் குமார் எதிர் ஹுக்கம் சந்த் வழக்கில் 1999-லேயே சொல்லப்பட்டது. புலனாய்வில் சேகரித்து, நமக்கு உதவாது என்று ஒதுக்கிய ஆவணங்களின் பட்டியலையும் எதிரிக்குத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் 2021 வழிகாட்டுதலும் 2022-ன் மனோஜ் தீர்ப்பும் சொல்கின்றன. அந்தப் பட்டியல் கோப்பில் இருக்கிறதா என்று பார்ப்பதும் உங்கள் வேலையில் சேரும்.

நியமன ஆணையைச் சரிபார்க்காமல் விடுவது

சின்ன விஷயம் போலத் தெரியும். ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கில், கர்நாடக உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீட்டை எதிர்த்து வாதாடிய பவானி சிங்கை நியமித்தது தமிழ்நாட்டுத் தரப்பு. வழக்கு கர்நாடகத்துக்கு மாற்றப்பட்டதால் நியமிக்கும் அதிகாரம் கர்நாடக அரசுக்குத்தான் என்று 2015 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாதமெல்லாம் முடிந்து, உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குக் காத்திருந்த நேரம் அது. சிறப்பு வழக்கறிஞர் ஆஜராகும் ஒவ்வொரு வழக்கிலும் ஆணையை வழங்கியவர் யார், எந்தக் கோர்ட் வரை செல்லும், எப்போது முடிகிறது என்று கோப்பின் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும்.

விடுதலைத் தீர்ப்பை ஓரமாக வைப்பது

விடுதலையை எதிர்த்து அரசு மேல்முறையீடு செய்ய 90 நாள். தீர்ப்பு நகல், உதவி வழக்கறிஞரின் குறிப்பு, துணை இயக்குநர், இயக்குநர், உள்துறை என்று கோப்பு நகரும்போது அது மளமளவென்று கரைந்துவிடும். எல்லா விடுதலைக்கும் "மேல்முறையீட்டுக்குத் தகுதியானது" என்று எழுதித் தள்ளுவதும் தவறுதான். தகுதியான ஐந்து கோப்புகள் தகுதியில்லாத ஐம்பதுக்குள் மாட்டிக்கொள்ளும்.

குஜராத் எதிர் கிஷன்பாய் வழக்கில் இறந்தது ஆறு வயதுச் சிறுமி. விசாரணை நீதிமன்றம் கொடுத்த மரண தண்டனை உயர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 2014 ஜனவரியில் அந்த விடுதலையை உறுதிசெய்த உச்ச நீதிமன்றம், புலனாய்விலும் வழக்கு நடத்தியதிலும் இருந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாக எழுதியது. காவல் துறை, வழக்குத் தொடர்வுத் துறை மூத்த அதிகாரிகள் கொண்ட நிலைக்குழு ஒவ்வொரு விடுதலையையும் ஆராய வேண்டும், தவறியவர் மீது துறை நடவடிக்கை வேண்டும், கண்டறிந்தவை பயிற்சிப் பாடமாக வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது.

அந்தக் குழுவுக்கு நீங்கள் அனுப்பும் குறிப்பில் "சாட்சிகள் பிறழ்ந்ததால் விடுதலை" என்று ஒரு வரியில் முடிக்காதீர்கள். எந்தச் சாட்சி, எந்த வாய்தாவில், அதற்கு முன் எத்தனை முறை திருப்பி அனுப்பப்பட்டார், பாதுகாப்பு கேட்டிருந்தாரா, குற்றப்பத்திரிகை ஆய்வின்போது அவர் வாக்குமூலத்தில் என்ன குறை எழுதப்பட்டிருந்தது என்று தேதியோடு எழுதி, புலனாய்வு அதிகாரிக்கும் வழக்கு நடத்திய உதவி வழக்கறிஞருக்கும் ஆளுக்கொரு நகல் கொடுங்கள்.