ஜிம் ‘ஏ-3’ வகையா, ‘பி’ வகையா? அமெரிக்கக் கட்டட விதிப்படி கணக்கிடும் முறை

டெக்சாஸில் என் தோழி வாடகைக்குப் பிடித்த கடையில் ஜிம் தொடங்க, வரைபடம் போட்டுக் கொடுத்தேன். வகையைத் தவறாகக் கணக்கிட்டதால் அனுமதி கிடைக்காமல் அது திரும்பி வந்தது. அந்தத் தவறு உங்களுக்கு நேரக் கூடாது.

முதலில், உங்கள் நகரம் இன்டர்நேஷனல் பில்டிங் கோடின் எந்தப் பதிப்பைப் பின்பற்றுகிறது என்று கேளுங்கள். 2018, 2021 என்று ஊருக்கு ஊர் மாறும். அந்த விதித்தொகுப்பை வெளியிடும் ஐ.சி.சி. (இன்டர்நேஷனல் கோட் கவுன்சில்) இணையதளத்தில் மூலத்தையே இலவசமாகப் படிக்கலாம். சுருக்கப் பட்டியல்களை நம்பாதீர்கள்.

அடுத்து, வகை. ‘ஏ’ என்பது மக்கள் கூடும் இடங்களுக்குரியது. ஜிம்மில் பார்வையாளர் இருக்கைகள் இருந்தால் ஏ-4, இல்லையென்றால் ஏ-3. ஆள் கணக்கு, அதாவது பரப்பை வைத்து விதி கணிக்கும் ஆட்களின் எண்ணிக்கை, 50-க்குக் கீழே இருந்தால் மட்டும் பி, அதாவது அலுவலகங்களுக்குரிய வகை.

இனி ஆள் கணக்கு. எத்தனை உறுப்பினர்கள் சேர்ந்திருக்கிறார்கள் என்று இங்கே பார்ப்பதில்லை. உடற்பயிற்சி அறையில் ஆளுக்கு 50 சதுர அடி, அதுவும் மொத்தப் பரப்பில். நான் கருவிகள் நிற்கும் தரையை மட்டும் அளந்தேன்: 2,400 சதுர அடி, 48 பேர், பி வகை. மொத்தப் பரப்பு என்றால் வெளிச்சுவர்களுக்கு உள்ளே இருக்கும் எல்லாமே. நடைவழி, அலமாரி, உட்சுவரின் தடிமன் எதையும் கழிக்கக் கூடாது. லாக்கர் அறைக்கும் ஆளுக்கு 50-தான். எல்லாம் சேர்ந்து 2,700 ஆயிற்று. 54 பேர், ஏ-3.

அளக்க லேசர் கருவியே நல்லது. டேப் நடுவில் தொய்ந்துவிடும்.

கூடுதலாக வந்த ஆறு பேரால் இரண்டாவது வெளியேறும் வழி கட்டாயமானது. பின்கதவு உள்பக்கம் திறந்தது. அதைக் கழற்றி வெளிப்பக்கம் திறக்கும்படி மாட்டினோம். பூட்டுக்குப் பதிலாக, கதவின் குறுக்கே அமைந்த, உடம்பால் தள்ளினாலே திறக்கும் தள்ளுதண்டு வந்தது. புகைக்கு நடுவே கூட்டம் கதவை முட்டி நிற்கும்போது, அதை உள்ளே இழுக்க யாராலும் முடியாது. இந்தச் செலவில் எனக்கு வருத்தமே இல்லை.

வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே இந்தக் கணக்கைப் போடுங்கள். ஏ-3 கூடம் மாடியிலோ அடித்தளத்திலோ இருந்தால் தீயணைப்புத் தெளிப்பான்கள் கட்டாயம். நேரே வெளியேறும் தரைத்தளத்தில் 300 பேரை எட்டினாலோ 12,000 சதுர அடியைத் தாண்டினாலோதான் அந்தக் கட்டாயம் வரும்.

பின்சேர்க்கை: அடுக்குமாடிக் குடியிருப்புக்குள் இருக்கும் சிறிய ஜிம் பற்றி வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். 50 பேருக்குக் குறைவென்றால் அது பி வகை, அல்லது அந்தக் குடியிருப்பின் வகையிலேயே சேரும். இன்னொருவருக்கு ஜும்பா அறையில் சிக்கல். குழு வகுப்பு அறைக்குச் சில அதிகாரிகள் ஆளுக்கு 15 சதுர அடி நிகரப் பரப்பு (நடைவழி, அலமாரி போன்றவற்றைக் கழித்த பரப்பு) என்று கணக்கிடுகிறார்கள். அப்படியானால் 900 சதுர அடி அறையிலேயே 60 பேர். அவர்களுடைய முடிவை எழுத்தில் வாங்கிய பிறகு வரைபடத்தைத் தொடங்குங்கள்.